ஒன்பது மூட்டைச் சரக்கு... ஒரு காஞ்சிபுரத்துப் பிள்ளை! உலக அரசியல் படிக்க யார் பணம் போடுறாங்க?

போன மாசம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை மகள் அரசியல் அறிவியலில் பி.ஏ. முடித்துவிட்டு, அடுத்து 'சர்வதேச உறவுகள்' படிக்கணும்னு ஒற்றைக்காலில் நிற்கிறாள். எந்த நாடு எந்த நாட்டோடு ஏன் ஒப்பந்தம் போடுது, போர் ஏன் வருது, ஒரு ஊர் பட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் எவ்வளவு வரி... இதையெல்லாம் படிக்கும் படிப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுத்தும். ஆனால், அவள் போனைக் காட்டி, "இங்க பாருங்கக்கா, கட்டணம் முழுக்க அவங்களே கட்டுறாங்களாம். யாரோ ஒருத்தர் பேர்ல அறக்கட்டளை இருக்காம்" என்றாள்.

குழித்தறியில் உட்கார்ந்திருந்த மாமா, கையை நிறுத்தாமலேயே கேட்டார். "முன்னப்பின்ன தெரியாதவன் எதுக்கும்மா நம்ம வீட்டுப் பொண்ணுக்குப் பணம் கட்டுறான்?"

நியாயமான கேள்விதானே? இதைக் கேட்காமல் விண்ணப்பத்தை நிரப்புகிறவர்கள்தான் அதிகம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வாங்க, மாமாவின் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் தேடலாம்.

முதல் அப்படியே இருக்கும்!

முதலில் 'எண்டோவ்மென்ட்' என்ற வார்த்தை. பெரிய பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் பத்து வரிக்கு ஒருதரம் வரும். தமிழில் 'நிலைக்கொடை' என்று சொல்லலாம். ஒருவர் ஒரு கோடி ரூபாய் கொடுக்கிறார் என்று வையுங்கள். அதை அப்படியே செலவழித்தால் நாலைந்து பிள்ளைகளோடு தீர்ந்துவிடும். அதனால் அந்தக் கோடியை முதலீடு செய்துவிட்டு, வருஷத்துக்கு அதில் 4 அல்லது 5 சதவிகிதம், அதாவது 4 லட்சமோ 5 லட்சமோ மட்டும் எடுத்துச் செலவு செய்வார்கள். அதற்கு மேல் வரும் லாபம் முதலோடு போய்ச் சேரும். விலைவாசி ஏறினாலும் பணத்தின் மதிப்பு தேயக் கூடாது இல்லையா, அதற்காக. கொடுத்தவர் போய் நூறு வருஷம் ஆனாலும் அவர் பெயரில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. சோழர் காலத்தில் கோயிலில் அணையா விளக்கு எரிக்க 90 ஆடு, 96 ஆடு என்று கொடுப்பார்கள். கல்வெட்டு அதை 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். ஆடு சாகாதா, கிழடாகாதா என்றால், ஆகும்தான். ஆனால் மந்தை குட்டி போடும். மேய்க்கிறவர் தினமும் ஓர் உழக்கு நெய் கொடுத்துவிட்டு, மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கணக்கில் 96 எப்போதும் 96தான்.

காஞ்சிபுரத்துக்கு இதில் இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியில் இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் கும்பிடும் ஊரகத்துக் கோயிலின் வரவு செலவைப் பற்றியது. அதில் கோயிலின் பொன்னை முதலாக வாங்கி வைத்துக்கொண்டு, வட்டி கட்டி, திருவிழாச் செலவைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? ஊரின் நெசவாளர் குடியிருப்புகளில் இருந்தவர்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களிடம் இருந்தது. திருவிழா முடிந்த கையோடு கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றும் செப்பேடு சொல்கிறது.

இதைச் சொன்னதும் மாமா தறியை நிறுத்திவிட்டார். "நம்மாளுங்க கையிலயா?" என்றார். நம்மாளுங்க கையிலதான் மாமா.

கொடுத்தவர்களுக்கு என்ன அக்கறை?

சரி, கோயில் விளக்குக்குக் கொடுத்தால் புண்ணியம். உலக அரசியல் படிப்புக்குக் கொடுத்தால் என்ன வரும்?

இந்தப் படிப்பே ஒரு நன்கொடையில் பிறந்ததுதான். முதல் உலகப் போர் முடிந்த நேரம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், நிலக்கரியில் சம்பாதித்த குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் அவருடைய இரண்டு சகோதரிகளும், அபெரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரில் இருந்த கல்லூரிக்கு 20,000 பவுண்டு கொடுத்தார்கள். போரில் செத்துப்போன மாணவர்களின் நினைவாகக் கொடுத்த பணம். இப்படி ஒரு போர் ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன வழி என்று படிக்க ஒரு துறை வேண்டும் என்பது நிபந்தனை. 1919-ல் உலகின் முதல் சர்வதேச அரசியல் துறை அங்கேதான் தொடங்கியது. இருபதே வருஷத்தில் அடுத்த உலகப் போர் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்!

அமெரிக்காவில் ஆஸ்டின் ஃப்ளெட்சர் என்ற வழக்கறிஞர் 1923-ல் இறக்கும்போது எழுதிவைத்த சொத்திலிருந்து, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1933-ல் ஃப்ளெட்சர் பள்ளி வந்தது. சட்டமும் ராஜதந்திரமும் சொல்லித்தரும் முதுநிலைப் பள்ளி. இவர்களை 'பள்ளி' என்று சொல்வதைப் பார்த்து ப்ளஸ் டூ என்று நினைக்க வேண்டாம். எல்லாம் பட்டம் முடித்தவர்கள் படிப்பது.

அண்மைக் கதை யேல் பல்கலைக்கழகத்துடையது. அங்கே 1967-ல் படித்து முடித்து, பிறகு செல்ஜீன் மருந்து நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக்சனும் அவர் மனைவி சூசனும் 2009-ல் 5 கோடி டாலர் கொடுத்தார்கள். முதலில் ஒரு ஆய்வு நிலையமாக ஆரம்பித்தது, மேலும் நன்கொடை திரட்டி 2022-ல் 'ஜாக்சன் உலக விவகாரப் பள்ளி' ஆனது. 1976-க்குப் பிறகு யேல் தொடங்கிய முதல் புதிய தொழில்முறைப் பள்ளி இதுதான். பணம் ஒரே நாளில் பள்ளியாகிவிடவில்லை, 13 வருஷம் ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கட்டடம் கட்டுவது சுலபம். நல்ல பேராசிரியரை வரவழைத்து, 'உங்கள் நாற்காலிக்கு எப்போதும் சம்பளம் உண்டு' என்று உறுதி சொல்வதுதான் காசு பிடிக்கும் வேலை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்ட, இரண்டு மருத்துவர்கள் தலைக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்து, உலகம் முழுக்கத் தமிழர்கள் உண்டியல் குலுக்கியது நினைவிருக்கும். ஒரே ஒரு நாற்காலிக்கு அவ்வளவு!

யேல் பெயரில் சென்னை இருக்கு!

யேல் என்றதும் நம்ம ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது.

எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கம்பெனி சம்பளத்தைவிட, சொந்த வியாபாரத்தில் பல மடங்கு சம்பாதித்தவர். ஊழல் புகாரில் பதவி போனது. அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய வணிகமும் நடந்தது. லண்டன் திரும்பிப் பெரிய பணக்காரராக வாழ்ந்தவரை, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கட்டடம் கட்டக் காசில்லாமல் தவித்த ஒரு சின்னக் கல்லூரி அணுகியது. 1718-ல் அவர் அனுப்பியது: ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று. சரக்கு என்றால் பெரும்பாலும் துணி. மஸ்லின், காலிகோ, பட்டு கிரேப் எல்லாம் அதில் இருந்தன. விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்திலேயே இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பெயர் வாங்கியவர் வேறு யாரும் இருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

சரியாக 250 வருஷம் கழித்து, 1968-ல், ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை விருந்தினராக அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்து, அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த அண்ணா.

அவரை அழைத்ததும் ஒரு நன்கொடைதான். ஹெண்டன் சப் என்ற காப்பீட்டுத் தொழிலதிபர், மாணவர்களுக்கு அரசு எப்படி நடக்கிறது என்பதில் ஆர்வம் வரவேண்டும் என்று 1936-ல் யேலில் வைத்த நிதி. பொது வாழ்வில் இருக்கும் ஒருவர் சில நாள் வளாகத்தில் தங்கி, மாணவர்களோடு சாப்பிட்டு, பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த 'சப் ஃபெலோஷிப்'. முன்னாள் அதிபர் ட்ரூமன் போயிருக்கிறார். அண்ணாவுக்குச் சில மாதங்கள் முன்னால் போனவர், அன்று கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன். (யேலில் 'பிகாஸ்' என்ற சொல்லை வைத்து அண்ணா அசத்திய கதை உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அதை இங்கே விட்டுவிடுவோம்.)

ஆனால், அண்ணாவை யேல் வரைக்கும் கொண்டுபோனது சப் வைத்த பணம் மட்டுமா? அதற்கு முன்னால் இன்னொருவரின் பணம் இருக்கிறது.

பச்சையப்பர் எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று

காஞ்சிபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், அப்பா முகம் பார்க்காமல் 1754-ல் பெரியபாளையத்தில் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். வெள்ளைக்காரர்களுக்கு துபாஷியாக இருந்து செல்வம் சேர்த்து, 1794-ல், நாற்பது வயதில் இறந்துபோனார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்பதற்காக உயில் எழுதியவர் இல்லை அவர். கோயில், பூஜை, அன்னதானம் என்று தர்ம காரியங்களுக்கு எழுதிவைத்தார்.

அவர் போன பிறகு சொத்து யார் யார் கையிலோ சிக்கியது. வழக்கு சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. (ஆமாங்க, அப்போது சென்னையில் அந்தப் பெயரில்தான் நீதிமன்றம் இருந்தது.) அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் போராடி பணத்தை மீட்டார். இத்தனை வருஷத்தில் வட்டி குட்டி போட்டு, கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போகவும் பணம் மிஞ்சியது. அந்த மிச்சத்தைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842-ல் சென்னையில் பள்ளி திறந்தது. பிறகு காஞ்சிபுரத்துக்கும் பச்சையப்பன் பள்ளி வந்தது.

அந்தக் காஞ்சிபுரம் பள்ளியில் அண்ணா படித்தார். வீட்டுக் கஷ்டத்தில் நடுவில் படிப்பை விட்டுவிட்டு நகராட்சியில் எழுத்தர் வேலைக்குப் போய், திரும்பி வந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே அவர் எடுத்த பாடம், பொருளாதாரமும் அரசியலும்.

அதாவது, 18-ம் நூற்றாண்டு துபாஷி ஒருவர் கோயிலுக்கு எழுதிய பணத்தின் மிச்சம், நீதிமன்றப் படிக்கட்டு ஏறி இறங்கி, ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் அரசியல் பாடமாக மாறியது. இதையும் சொல்லியாக வேண்டும்: அந்தக் கல்வி நிறுவனங்கள் நெடுங்காலம் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தன. தர்மம் என்றாலும் வாசலில் யார் நிற்கலாம் என்று ஒரு கோடு இருக்கத்தான் செய்தது. அந்தக் கோட்டை அழிக்கத் தனியாக ஒரு காலம் பிடித்தது.

கொடுத்தவர் நினைத்ததற்கும் பணம் செய்ததற்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளி எப்போதும் நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள்.

1961-ல் சார்லஸ் ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் தம்பதி அங்கே 3.5 கோடி டாலர் கொடுத்தார்கள். ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடை நிறுவனத்தின் பங்குகள். மேரி அந்தக் குடும்பத்து வாரிசு. நோக்கம் ரொம்பத் தெளிவு: பட்டதாரிகளை அமெரிக்க அரசுப் பணிக்கு, முக்கியமாக வெளிநாட்டு விவகாரம் பார்க்கும் வேலைகளுக்குத் தயார் செய்ய வேண்டும். யார் கொடுத்தார்கள் என்றுகூடப் பல வருஷம் வெளியே சொல்லவில்லை. பணம் வளர்ந்து வளர்ந்து 90 கோடி டாலரை நெருங்கியது. 2002-ல் அவர்கள் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 'எங்க அப்பா அம்மா கொடுத்தது அரசாங்க வேலைக்கு ஆள் தயார் பண்ண. படிச்சவங்க பெரும்பாலும் வேற வேலைக்குப் போறாங்க, பணத்தை வேற செலவுக்கும் எடுக்குறீங்க' என்பது புகார். பல்கலைக்கழகம் மறுத்தது. ஆறு வருஷம் இழுத்து, 2008 டிசம்பரில் சமரசம். வழக்குச் செலவுக்கு மட்டும் 4 கோடி டாலர், குடும்பம் தொடங்கும் புது அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர். மிச்சப் பணம் பல்கலைக்கழகத்திடமே இருந்தது.

ராபர்ட்சன் பிள்ளைகள் பக்கம்தான் என் மனசு சாயும். படித்தவரை இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, உண்மைதான். ஆனால் எதற்கு என்று எழுதி வாங்கிய பணத்துக்கு, அதற்குத்தான் செலவானது என்று காட்டும் கடமை வாங்கியவருக்கு உண்டு. அதே சமயம், இன்றும் அந்தப் பள்ளியில் முதுநிலை மாணவர்களின் கல்விக் கட்டணம் முழுவதையும் பள்ளியே ஏற்கிறது. அத்தை மகள் போனில் காட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

நம்ம நாட்டில்?

இந்தியாவில் இந்தத் துறைக்கு முன்னோடி, டெல்லி சப்ரு ஹவுஸில் 1955-ல் தொடங்கிய 'இந்தியன் ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்'. 1970-ல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அரசுப் பணத்தில் நடப்பதால், வெளிநாட்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே படிக்கும் செலவு மிகக் குறைவு. தனியார் கொடையில் வந்தது என்றால், தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் அப்பா நினைவாக ஹரியானாவின் சோனிபட்டில் 2009-ல் தொடங்கிய ஓ.பி.ஜிண்டால் பல்கலைக்கழகம். அதற்குள் சர்வதேச விவகாரங்களுக்கு ஒரு பள்ளி இருக்கிறது.

பள்ளி கட்டாமல் ஆளை அனுப்பும் கொடைகளும் உண்டு. கேரளாவின் உழவூரில் ஓலைக்குடிசையில் பிறந்த ஒரு தலித் இளைஞர், 1945-ல் டாடா உதவித்தொகையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போய் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். திரும்பி வந்து வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சீனாவிலும் அமெரிக்காவிலும் நம் தூதராக இருந்தார். கே.ஆர்.நாராயணன். 1997-ல் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரு பிள்ளைக்குக் கட்டிய கட்டணம் இதைவிட என்ன செய்துவிட முடியும், சொல்லுங்க!

விண்ணப்பத்துக்கு முன்னால்...

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளை விஷயத்துக்கு வருவோம். 'ஸ்காலர்ஷிப்' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து விதமான பணம் ஒளிந்திருக்கும். ஜே.என்.டாடா நிதி 1892-லிருந்து இருக்கிறது, நல்ல பெயர். ஆனால் அது கடன் உதவித்தொகை. அதாவது திருப்பிக் கட்ட வேண்டும். வாங்குவதில் தப்பே இல்லை, தெரிந்து வாங்க வேண்டும். அடுத்து, கல்விக் கட்டணம் மட்டுமா, தங்கவும் சாப்பிடவும் சேர்த்தா? வாஷிங்டனிலோ லண்டனிலோ வீட்டு வாடகை என்பது இன்னொரு படிப்புக்கான கட்டணம் மாதிரி. முதல் வருஷம் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருஷம் 'மதிப்பெண் பார்த்து' என்கிறார்களா? நிலைக்கொடையிலிருந்து வருகிறதா, யாரோ ஒருவர் வருஷா வருஷம் மனசு வந்தால் கொடுப்பதா? இரண்டாவது வகை என்றால், படிப்பு நடுவில் இருக்கும்போது அவர் மனசு மாறினால் என்ன ஆகும் என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவர்களிடம் அதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும்.

படித்து முடித்ததும் நாடு திரும்ப வேண்டும், இத்தனை வருஷம் இந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனைகள் சிலவற்றில் இருக்கும். ராபர்ட்சன் கதை தெரிந்துவிட்டதால், அவர்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் மாமாவிடம் சொல்லி முடித்தபோது, அத்தை இரண்டாவது தடவை காபி கொண்டுவந்துவிட்டார். மாமா சொசைட்டிக்கு நெய்பவர். வருஷக் கூட்டத்தில் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்று படிக்கும் ஆள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் கேட்டார்: "எல்லாஞ் சரி. வருஷா வருஷம் இவங்க கணக்கை யாரு பாக்குறா? அதை வெளியில போடுவாங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. நோட்டை எடுத்து, மூன்று பல்கலைக்கழகங்களின் பெயருக்கு எதிரிலும் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள். மாமா மறுபடி தறிக்குழியில் காலை விட்டார்.